விளிம்பில் நின்ற கல்லடுக்கு

"செத்துப்போன எம் பையன் பேசறது இந்தப் புள்ளைக்குக் கேக்குதுங்க" என்றார் கரியப்பன். "ஆனா நான் வந்தது அதுக்கில்ல."

ராகவன் கையிலிருந்த டீயை ஊதாமலே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். காலங்கார்த்தாலே பேய் பேச்சா என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டாலும் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஜேன் அமலதாஸின் துப்பறியும் நிலையம். ஜேன் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருப்பவர். கணக்கு டீச்சராக இருந்து, பரீட்சையில் காப்பியடித்தவர்களைப் பிடித்துப் பிடித்தே இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர். உதவியாளனின் முழுப்பெயர் ஸ்ரீனிவாசராகவன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் குற்றவாளி பஸ் ஏறிவிடுவான் என்று ஜேன் அதை ராகவன் என்று வெட்டிவிட்டார்.

எதிரே இரண்டு பேர். ராமாபுரத்திலிருந்து வந்த கரியப்பன், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருமகள் வசுதா. முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஜன்னலுக்கு வெளியே தெருவை மூடிக்கிடந்த தை மாதப் பனியைப் பார்ப்பதும், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தாள்.

"உங்களுக்கு என்ன கேக்குதும்மா?" என்று ஜேன் அவளைத்தான் முதலில் விசாரித்தார்.

"அவர் வழி கேக்கறார்" என்றாள் வசுதா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பனி இருக்கற காலம்பரல்லாம். வாசல் தெளிக்கப் போனா கிட்டக்க நின்னுண்டு, ‘வசு, வழி இதானா?’ங்கறார். எனக்கு பதில் சொல்ல வாயே வரமாட்டேங்கறது."

கரியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். போன வருஷம் ஜூன் மாதம் அவர் மகன் தருண்குமார், வசுதா, தருணின் சிநேகிதன் நீல் மூன்று பேரும் சுற்றுலாக் கோஷ்டியோடு நார்வே போனார்கள். நீலின் மனைவி ஷெர்லி நர்ஸ். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

"மலைக்கு நடுவால கடல் பூந்து நிக்குமாமுங்க. ஃபியோர்டுன்னு பேராமா. படகுல போறது, அருவி பாக்கறது, மலையேறறதுன்னு தினம் போட்டோ அனுப்புவான். கடைசி நாளு அவனும் அந்த நீலும் மட்டும் மலைக்குப் போனாங்க. எறங்கறப்ப பனி பொகையாட்டம் வந்து மூடிருச்சு. எம் பையன் விளிம்புக்குப் போயி கீழ உழுந்துட்டான். நீல் மட்டும் எறங்கி வந்தான்."

"அந்த ஊர் போலீஸ்?"

"கால் தவறி உழுந்துட்டான்னு மூடிட்டாங்க. போன மாசந்தான் பையனோட போனைத் தொறந்து பாத்தனுங்க." இரண்டு படங்களை மேசைமேல் வைத்தார். "இது ஏறிப் போறப்ப அவன் எடுத்தது. பின்னால பாருங்க."

தருண்குமார் சிரித்துக்கொண்டிருந்தான். தலையில் கம்பளித் தொப்பி. அவனுக்குப் பின்னால் வெகு தூரத்தில் பாறை முடிந்து வெறும் ஆகாயம் தொடங்குகிற இடத்தில், சின்னதாக ஒரு கல்லடுக்கு நின்றிருந்தது.

"இது மறுநாள் அந்த ஊர்ப் போலீசு எடுத்தது. அதே எடந்தான். கல்லைக் காணோம்."

ஆமாம், காணவில்லை. பாறை மட்டும் மொழுமொழுவென்று கிடந்தது.

"பனியில கல்லு அடுக்கைப் பாத்துத்தான் நடக்கோணுமாமா. எவனோ பொய்யா ஒண்ண விளிம்புல வச்சுட்டு, காரியம் முடிஞ்சதும் கலைச்சுட்டான். மேல இருந்தது ரெண்டே பேரு. எம் பையன் உக்காந்த வேலையில இப்ப அவந்தான் உக்காந்திருக்கான். நாளைக்குக் கமிஷனர் ஆபீசுல மனுக் குடுக்கறேன். பேப்பர்காரங்களையும் வரச் சொல்லியாச்சு. அதுக்கு முன்னால வெளியாளு ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும்னு இந்தப் புள்ளதான் சொல்லுச்சு."

வசுதா தலை நிமிரவில்லை.

"கொலைகாரன்னு ஒருதடவை பேப்பர்ல பேர் வந்துட்டா அப்புறம் அழிக்க முடியாது ஐயா" என்றார் ஜேன். "அவனுக்கும் குடும்பம் இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் எனக்குக் குடுங்க. மத்தியானம் வீட்டுக்கு வந்து சொல்றேன்."

அவர்கள் படியிறங்கிப் போகும்வரை ராகவன் அடக்கி வைத்திருந்தான். "உயிரோட இருக்கற எந்தப் புருஷனும் பொண்டாட்டிகிட்ட வழி கேட்டதா சரித்திரமே இல்ல மேடம். செத்தப்புறந்தான் புத்தி வந்திருக்கு."

ஜேன் சிரிக்கவில்லை. ராகவனுக்கே சிரிப்பு வரவில்லை. பயம் வந்தால் அவனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும், அவ்வளவுதான். அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்த பார்வை அவன் முதுகைவிட்டு இறங்க மறுத்தது.

ஜேன் முதலில் சுற்றுலாவை நடத்திக்கொண்டு போன மஞ்சுநாத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மஞ்சுநாத் மைசூர்க்காரர். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘இல்லையா’ என்பதற்குப் பதிலாகக் கன்னடத்தில் ‘அல்வா’ என்று முடிப்பவர்.

"அந்த மலைல பனி எப்ப வரும்னு சாமிக்கே தெரியாது மேடம், அல்வா? அதனால வழி நெடுக கல்லைக் குவிச்சு சிவப்புப் பெயிண்ட்ல குறி போட்டு வெச்சிருப்பாங்க. ஒரு குவியல்ல நின்னு அடுத்த குவியலைத் தேடிப் பாத்து நடக்கணும். புதுசா யாரும் கல்லு அடுக்காதீங்கன்னு படம் போட்டு போர்டே வெச்சிருக்காங்க."

"கேக்கக் கேக்கப் பசிக்குது மேடம்" என்று முணுமுணுத்தான் ராகவன். ஜேன் பேனாவால் அவன் முழங்கையில் ஒரு தட்டு தட்டினார்.

"இதை எல்லாருக்கும் சொன்னீங்களா?"

"அன்னைக்குக் காலைல டிபன் சாப்பிடறப்ப சொன்னேன். தருண் நல்லா ரெண்டு தடவை கேட்டுக்கிட்டான் பாவம். சிவப்புக் குறி, சிவப்புக் குறின்னு பாடம் பண்ணிக்கிட்டான். நீலும் இருந்தான். வசுதா மேடம் மட்டும் சளி பிடிச்சு ரூம்ல படுத்திருந்தாங்க. அவங்களுக்குத் தண்ணின்னா ஆகாது. முந்தின நாள் ஆம்பளைங்க ரெண்டு பேரும் துடுப்புப் படகு ஓட்டப் போயிட்டாங்க. இவங்க காத்தாட மலைப்பக்கம் போய் நனைஞ்சுட்டு வந்தாங்க. அங்க ஜூன்லயும் அப்படித்தான் குளிரும், அல்வா?"

போனை வைத்த ஜேன் தருணின் படத்தை கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினார். கல்லடுக்கு கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. நடுக் கல்லில் ஒரு சிவப்புப் புள்ளி.

"குறியும் போட்டிருக்கு" என்றார் ஜேன். "வெறும் கல்லு வெச்சா அவன் நம்பாம போயிடலாம். சிவப்பைப் பாத்தா நம்பாம இருக்க முடியாது. அந்த வழக்கம் தெரிஞ்சவன் செஞ்ச வேலை. மஞ்சுநாத் பேச்சைக் கேட்டுட்டு மேல போனது ரெண்டே பேர்."

"அதுல ஒருத்தர் போய்ச் சேந்துட்டார். மிச்சம் ஒருத்தர்தான். கேஸ் முடிஞ்சது, இட்லி சாப்பிடலாமா?"

"கிளப்பு வண்டிய."

குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடக்கிற கூட்டம் பாதி கலைந்திருந்தது. தண்ணீரின்மேல் பனி இன்னும் எழும்பாமல் படுத்திருந்தது. எதிரில் வருகிறவர்கள் முதலில் செருப்புச் சத்தமாக வந்து, பிறகுதான் ஆளாக ஆனார்கள். ராகவன் ஜேனின் தோளை ஒட்டியே நடந்தான். பாதுகாப்புக்காக என்று கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், யாருடைய பாதுகாப்பு என்று கேட்காமல் இருக்கவேண்டும்.

நீல் ஏரிக்கு முதுகைக் காட்டி ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஷெர்லி போனில் சொன்ன அடையாளம் சரியாக இருந்தது: நீல நிற ஸ்வெட்டர், சவரம் செய்யாத முகம். தினமும் ஏரிக்கு வருவானாம், ஆனால் நடக்க மாட்டானாம்.

ஜேன் பக்கத்தில் உட்கார்ந்து தாம் யார் என்றும், கரியப்பன் கொண்டுவந்த இரண்டு படங்களைப் பற்றியும் சொன்னார். கரியப்பன் பெயரைக் கேட்டதும் நீல் எழுந்திருக்கவில்லை, மறுக்கவில்லை.

"நான்தான் வெச்சேன்" என்றான். "நான்தான் கலைச்சேன். அங்கிள்கிட்ட அப்படியே சொல்லிடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்னாலும் போடறேன்."

ராகவனுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஒரு மிரட்டல் இல்லை, ஒரு ஓட்டம் இல்லை. சில கேஸ்களில் வாடகை ரசீதைக் காட்டச் சொல்லவே ஒரு வாரம் அலைந்திருக்கிறான். இவனோ கொலையைத் தட்டில் வைத்து நீட்டுகிறான்.

"எதுக்காக வெச்சீங்க?" என்று கேட்டார் ஜேன்.

"அந்த வேலைக்காக."

"எப்ப வெச்சீங்க?"

"ஏறிப் போறப்ப. தருண் பாக்காதப்ப."

"சரி. எப்படி வெச்சீங்க?"

நீல் விழித்தான். "எப்படின்னா?"

ஜேன் காலுக்கடியில் கிடந்த கற்களைக் காட்டினார். "டீச்சரா இருந்தவ நான். விடை மட்டும் எழுதினா மார்க் போடமாட்டேன். போட்டுக் காட்டுங்க."

நீல் குனிந்து கற்களைப் பொறுக்கினான். பெரியதைக் கீழே போட்டான், அதன்மேல் சின்னது, அதைச் சுற்றி இன்னும் சில. ஒன்று உருண்டு ஓடியது. கடைசியில் ரோடு போடுகிற இடத்தில் ஜல்லி கொட்டினதுபோல் ஒரு குவியல் நின்றது.

ஜேன் செல்போனில் இருந்த படத்தை ராகவனிடம் நீட்டினார்.

"இப்படி இல்ல நீல்" என்றான் ராகவன். சொல்லிக்கொண்டே மண்டியிட்டு உட்கார்ந்தான். "படத்துல வேற மாதிரின்னா இருக்கு. முதல்ல ஒரு தட்டைக் கல்லு. அது மேல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு கல்லு, தூணாட்டம். அதுக்கு மேல மறுபடி தட்டைக் கல்லு, அது கூரை. அதுக்கு மேல மறுபடி ரெண்டு தூண், மறுபடி ஒரு கூரை. இது ஆவறதுக்குள்ள தாவு தீந்துடும். நானே நாலு வருஷமா மேல்கோட்டைப் பெருமாள் கோயில் மலைல அடுக்கறேன். வைரமுடி சேவைக்குப் போறப்ப மலைப்படி ஓரத்துல நானும் எம் பொண்டாட்டியும் வீடு கட்டிட்டு வருவோம். சொந்த வீடு அமையணும்னு வேண்டிக்கறதுதான். ஹவுஸ் ஓனர் என்னடான்னா வாடகையத்தான் ஏத்தறாரு."

பேசிக்கொண்டிருக்கும்போதே கை வேலையை முடித்துவிட்டது. மண்ணில் ஒரு குட்டி வீடு நின்றது. இரண்டு மாடி. படத்தில் இருந்தது அப்படியே.

ராகவன் அதைப் பார்த்தான். வாயில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. வீடு கட்டி முடித்ததும் செய்கிற கடைசிக் காரியம் ஒன்று உண்டு. அவன் மனைவி ஒவ்வொரு தடவையும் செய்வாள். அவன் விரல் தானாக நீண்டு, நடுக் கல்லைத் தொட்டது.

"மேடம்" என்றான். "அது பெயிண்ட் இல்ல. பெயிண்ட் அடிக்கறவன் நட்ட நடு நெத்தில ஒரு சொட்டு வெச்சுட்டுப் போகமாட்டான். அது பொட்டு. கைப்பைல இருந்த கோயில் குங்குமம்."

பனிக்குள் யாரோ இருமிக்கொண்டே போனார்கள்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவர் நீல்" என்றார் ஜேன் மெதுவாக. "என்னை மாதிரியே உங்களுக்கும் இது அடுக்கத் தெரியல. தருண் அடுக்கியிருக்க முடியாது, தான் கட்டின வீட்டைத் தானே வழின்னு நம்பி யாரும் நடக்கமாட்டாங்க. அங்க போனது மூணு பேர்."

நீல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுகை சத்தமில்லாமல்தான் வந்தது, ஆனால் பெஞ்சே அதிர்ந்தது. ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாததை அவன் அந்த இரண்டு அந்நியர்களிடம் சொன்னான்.

"பனி வந்ததும் எங்களுக்குக் கை நீட்டினா கை தெரியல. எனக்கு முழங்கால் பிடிச்சுக்கிச்சு. தருண் ‘நீ உக்காரு, நான் அடுத்த கல்லு எங்கன்னு பாக்கறேன்’னு போனான். கொஞ்ச நேரத்துல சத்தம் போட்டான். ‘டேய், கல்லு தெரியுதுடா! சிவப்புக் குறி இருக்கு, வழி இதான், வா!’ன்னான். சந்தோஷமா சொன்னான் சார். அப்புறம் ஒண்ணுமே கேக்கல. விழுந்த சத்தம்கூடக் கேக்கல."

ராகவன் அறியாமல் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"நான் தவழ்ந்துக்கிட்டே போனேன். பனில தூரமும் தெரியாது, சைஸும் தெரியாது. முழங்கால் உசரம்கூட இல்லாத அது, கீழேருந்து பாத்தா மத்த குவியல் மாதிரியேதான் தெரிஞ்சது. அதுக்கு அந்தப் பக்கம் தரையே இல்ல. கல்லைத் தொட்டேன். சிவப்பு கைல ஒட்டிக்கிச்சு. பெயிண்ட் வாசனை வரல. தருண் வீட்டு சாமி ரூம் வாசனை வந்தது. அவங்க வீட்டுல சாப்பிடாத ஞாயித்துக்கிழமை எனக்குக் கிடையாது. எனக்குத் தெரியாதா அந்த வாசனை?"

"அதனால கலைச்சீங்க."

"ஒவ்வொண்ணா எடுத்துக் கீழ கடல்ல போட்டேன். இன்னொருத்தன் அதைப் பாத்துட்டு வந்துடக்கூடாது. மறுநாள் போலீஸ் படம் எடுப்பாங்க, அதை வசுதா பாத்துடக்கூடாது. ஆனா முந்தியே அது தருண் போன்ல விழுந்திருச்சுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு." அவன் ஜேனின் கையைப் பிடித்துக்கொண்டான். "மேடம், நான்தான்னே இருக்கட்டும். ஷெர்லிக்கு நான் சொல்லிப் புரிய வெச்சுக்கறேன். அந்தப் பொண்ணு ஆசையா ஒரு வீடு வேணும்னு கேட்டுச்சு, அவ்வளவுதானே செஞ்சது? அதுக்கு அவ புருஷனையே கொன்னேன்னு அவ தெரிஞ்சுக்கணுமா?"

திரும்பும்போது ராகவன் அந்தக் கல் வீட்டைத் தாண்டி வரத் தயங்கி நின்றான். வைத்துவிட்டும் போக முடியவில்லை, உதைத்துவிட்டும் போக முடியவில்லை. ஜேன்தான் குனிந்து கல் கல்லாக எடுத்து ஓரமாகப் போட்டார்.

"என்ன சொல்லப் போறீங்க மேடம்?" ஸ்கூட்டரை உதைக்காமலே கேட்டான்.

"தெரியல. உண்மையச் சொன்னா அந்தப் பொண்ணு போச்சு. சொல்லாட்டா இந்தப் பையன் போச்சு. நீயா இருந்தா என்ன சொல்லுவ?"

"நான் ஏதாவது ஜோக் சொல்லிட்டு ஓடிடுவேன். எனக்கு வேற ஒண்ணும் வராதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

கிருஷ்ணமூர்த்திபுரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில்தான் வசுதா குடியிருந்தாள். வாடகை வீடு. ஹாலில் தருண்குமாரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. கரியப்பன் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து காத்திருந்தார். வசுதா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரமே நின்றாள். வெயில் ஏறி முற்றம் முழுக்கப் பளிச்சென்றிருந்தது. ஆனாலும் அந்த வீட்டில் சத்தமாகப் பேச ராகவனுக்குத் துணிவில்லை.

"சொல்லுங்க" என்றார் கரியப்பன். "அவந்தானுங்களே?"

"நீல் அந்தக் கல்லை வைக்கல" என்றார் ஜேன். "அது நிச்சயம்."

"அப்ப வேற ஆரு வச்சது?"

ஜேன் வாயைத் திறந்தார், மூடினார். எத்தனையோ பேரைத் திக்குமுக்காட வைத்த அந்த வாய் திணறுவதை ராகவன் அன்றுதான் பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனே முந்திக்கொண்டான். "ஐயா, மலைன்னா ஆயிரம் பேர் வருவாங்க. யாரோ ஊர் பேர் தெரியாத ஒருத்தர் விளையாட்டுக்கு..."

"ஊர் பேர் தெரிஞ்சவதான்" என்றாள் வசுதா.

எல்லாரும் திரும்பினார்கள். கதவைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு அவள் மாமனாருக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் வெச்சேன் மாமா. முந்தின நாள் நான் மட்டும் மேல போனேன். அங்கேர்ந்து பாத்தா ரெண்டு மலைக்கு நடுவுல தண்ணி பச்சையா கிடந்தது. அவ்வளவு ஒசரத்துல நின்னு கேட்டா பெருமாளுக்குச் சட்டுனு கேக்கும்னு தோணித்து. மேல்கோட்டைல பண்றாப்பல கல்லுல வீடு கட்டி, பொட்டு வெச்சு, வேண்டிண்டு வந்தேன். அவர்கிட்ட சொல்லலை, பலிச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அங்க கல்லுன்னா வழின்னு எனக்குத் தெரியாது."

கரியப்பன் கையிலெடுத்த காபி டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"அந்தப் படத்தை நீங்க காட்டின அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவர் ஏன் தினம் எங்கிட்ட வந்து கேக்கறார்னும் தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க நீல் பேரைச் சொன்னேள். நான் வாயை மூடிண்டேன். வெளியாள் யாராவது வந்து பாத்து, நீ இல்லைம்மா, அவன்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட மாட்டாளான்னு கிடந்தேன். கல்லு நான் தெரியாம வெச்சது மாமா. இது தெரிஞ்சு பண்ணினது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று ராகவனுக்கு இருந்தது. கரியப்பன் எழுந்து முற்றத்துக்குப் போய், குழாயைத் திறந்து, இரண்டு கை தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டார். துடைத்துக்கொள்ளாமலே திரும்பி வந்தார். இந்த மனிதர் இப்போது இவளை என்ன செய்தாலும் தடுக்க முடியாது என்று ராகவன் நினைத்தான், தடுக்கத் தயாராகவும் இருந்தான்.

"ஆருக்கு ஊடு கேட்ட?" என்றார் கரியப்பன்.

"மேல் மாடி நீலுக்கும் ஷெர்லிக்கும். கீழ நமக்கு."

"நமக்குன்னா?"

"எங்களுக்கும் உங்களுக்கும். உங்களுக்கு ரோட்டைப் பாத்தாப்பல ஒரு ரூம்னு வேண்டிண்டேன்."

"நாந்தான் உங்க கல்யாணத்துக்கே வரலியே" என்றார் அவர். "ஜாதி உட்டு ஜாதி கட்டிக்கிட்டான்னு, அவன் போட்டோ அனுப்பியும் நாலு வருசமா ஒரு போன்கூடப் போடலியே கண்ணு."

கரியப்பன் மகன் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஜேன் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பையனுக்கு இது தெரியுமுங்களா?"

"முதல் நாள்லேருந்தே தெரியும்" என்றார் ஜேன். "பழியத் தன்மேல போட்டுக்கச் சொல்லி இன்னைக்கும் எங்கிட்டக் கெஞ்சினார்."

கரியப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "சவப்பொட்டி வந்து எறங்குன அன்னைக்கு ஏர்போட்டுல நூறு பேருக்கு முன்னால அவனை அறைஞ்சனுங்க. ‘எம் பையன எங்கடா உட்டுட்டு வந்த’ன்னு மாத்தி மாத்தி அறைஞ்சேன். கையத் தூக்கித் தடுக்கக்கூட இல்லீங்க. அப்படியே நின்னான்."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார். வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தார்.

"எந்திரி கண்ணு" என்றார் மருமகளைப் பார்த்து. "அந்தப் பையன் ஊட்டுக்குப் போகோணும். எனக்குத் தனியாப் போக மொகமில்ல."

வசுதாவால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் வாசலிலேயே நின்றார், அவளுக்காகக் காத்துக்கொண்டு.